50 மணி நேரம், 500 ரூபாய்

"நிட்டிங் மாநாடா? அது திருப்பூர்ல தானே நடக்கும்? டெல்லியில எதுக்கு?"ன்னு கேட்டார் ரங்கமணி.

அவரைச் சொல்லிக் குத்தமில்லை. நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு நிட்டிங்குன்னா பனியன், பனியன்னா திருப்பூர். ஆனா நான் போகக் கிளம்பினது மெஷின் விஷயம் இல்லை. ரெண்டு ஊசியும் ஒரு கம்பளி உருண்டையும் வெச்சுக்கிட்டு கையால ஸ்வெட்டர் பின்னறவங்க ஒண்ணு கூடற கூட்டம். 2024 டிசம்பர்ல ஒரு சனி, ஞாயிறு, தெற்கு டெல்லியில ஒரு ஹால்ல. ஆளுக்கு 1,200 ரூபாய் டிக்கெட்.

"பின்னறதை வேடிக்கை பார்க்க 1,200 ரூபாயா? எதிர் வீட்டுக் கதவைத் தட்டினா ஓசியிலயே பார்க்கலாமே!"

அந்த எதிர் வீட்டு தீதியைத் தாங்க கூட்டிட்டுப் போனேன். போயிட்டு வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அன்னைக்கு மெட்ரோவுல திரும்பி வர்றப்போ போட்ட ஒரு கணக்கு இன்னும் மனசை விட்டுப் போகலை. அதைத்தான் இங்கே கொட்டப் போறேன்.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

மதுரையில பேங்க் வேலை, ப்ரமோஷன்னு ஒரு காகிதம் கொடுத்து டெல்லிக்குத் தூக்கிப் போட்டாங்க. 1999 ஆகஸ்ட். பையனுக்கு ஒண்ணரை வயசு. இங்கே வந்த நம்மாளுங்க பல பேரைப் போலத்தான், கையில ஒரு சால்வை, என்னைக்கோ ஊட்டி டூர்ல வாங்கின ஒரு குரங்குக் குல்லா, இவ்வளவுதான் எங்க குளிர்கால ஏற்பாடு. டிசம்பர் வந்ததும் தெரிஞ்சது சேதி. தரையில காலை வைக்க முடியலை. பையனுக்கு நெஞ்சுச் சளி. ராத்திரி பூரா இருமல்.

ஒரு நாள் காலையில எதிர் வீட்டம்மா கதவைத் தட்டினாங்க. கையில ஒரு மஞ்சள் ஸ்வெட்டர். "குழந்தை இருமறது எங்க வீடு வரைக்கும் கேக்குது. போடு இதை"ன்னு அவங்களே மாட்டி விட்டுட்டுப் போயிட்டாங்க. அளவு எடுக்கலை, ஒண்ணும் இல்லை. கச்சிதமா இருந்துச்சு. மாடிப்படியில ரெண்டு தடவை பார்த்ததே போதுமாம்.

அன்னைலேர்ந்து அவங்க எனக்கு தீதி. எனக்கு அப்போ தெரிஞ்ச ஹிந்தி பேங்க் கவுன்ட்டர் ஹிந்தி. 'கையெழுத்து போடுங்க', 'நாளைக்கு வாங்க', அவ்வளவுதான். தீதி மொட்டை மாடி வெயில்ல உக்காத்தி வெச்சு, நிலக்கடலையை நடுவுல கொட்டி, ரெண்டு ஸலாயீயை என் கையில கொடுத்தாங்க. ஸலாயீன்னா பின்னற ஊசி. ஊசியில ஏத்தற ஒவ்வொரு சுருக்குக்கும் ஃபந்தான்னு பேர், நாம கண்ணின்னு சொல்லலாம். 'ஏக் சீதா, ஏக் உல்டா', ஒண்ணு நேர், ஒண்ணு தலைகீழ். நான் தப்பில்லாம சொன்ன முதல் ஹிந்தி வாக்கியம் அதுதான்னு நினைக்கறேன். வாக்கியம் வந்த அளவுக்குப் பின்னல் வரலை. இன்னிக்கு வரைக்கும் மஃப்ளருக்கு மேல தாண்டலை நான். :-)

இன்னொரு விஷயமும் சொல்லணும். அந்தக் காலத்துல டெல்லி ஆபீஸ்கள்ல குளிர்காலம் வந்தா மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பெண்கள் எல்லாம் புல்வெளியில உக்காந்து ஸ்வெட்டர் பின்னுவாங்க. ஆரஞ்சுத் தோலும் கடலைத் தோலுமா கிடக்கும். நம்ம தமிழ்க் கூட்டத்துல அதுக்கு ஒரு கிண்டல் இருக்கும். "பாரு, கவர்மென்ட் சம்பளம், ஸ்வெட்டர் வேலை"ன்னு. நானும் சேர்ந்து சிரிச்சிருக்கேன். அந்த அரை மணி நேரத்துல அவங்க கையில வளர்ந்தது ஒரு குடும்பத்தோட குளிர்காலத் துணின்னு அப்போ தோணலை.

சரி, கூட்டத்துக்கு வர்றேன்.

மயூர் விஹார்லேர்ந்து பிங்க் லைன் பிடிச்சு தில்லி ஹாட் ஸ்டேஷன்ல இறங்கி ஆட்டோவுல போனோம். தீதிக்கு இப்போ 66 வயசு. முட்டி வலி. இருந்தாலும் கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி நல்ல சல்வார், அதுக்கு மேல அவங்களே பின்னின கத்திரிப்பூ கலர் கார்டிகன்.

ஹாலுக்குள்ள நுழைஞ்சா கண்ணைக் கட்டிப் போட்டுச்சு. நாங்க பார்த்துப் பழகினது லூதியானாவிலேர்ந்து வர்ற அக்ரிலிக் நூல். இங்கே கையாலயே சாயம் போட்ட மெரினோ கம்பளி, 100 கிராம் 1,600 ரூபாய். தீதி அந்த விலையைப் பார்த்துட்டு சீட்டைத் திருப்பிப் பார்த்தாங்க, பின்னாடி வேற விலை இருக்குமோன்னு! மூங்கில் ஊசி, வளைஞ்ச ஊசி, எத்தனாவது வரிசைன்னு எண்ணிச் சொல்ற குட்டிக் கருவி. சாஃப்ட்வேர் கம்பெனிப் பொண்ணுங்க, காலேஜ் பசங்க, தாடி வெச்ச ஒருத்தர் ஓரமா உக்காந்து சாக்ஸ் பின்னிக்கிட்டு இருந்தார். ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. இந்தக் கலை செத்துப் போச்சுன்னு நினைச்சுட்டு இருந்த எங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

மதியம் ஒரு வகுப்பு. கயிறு முறுக்கின மாதிரி வருமே, அந்த டிசைன். சொல்லிக் கொடுத்த பொண்ணுக்கு 25 வயசு இருக்கும். கட்டம் போட்ட தாளைக் கொடுத்து அதைப் படிக்கச் சொன்னா. தீதிக்குத் தாள் படிக்கத் தெரியாது. பக்கத்துல மாட்டியிருந்த மாதிரித் துண்டை ஒரு நிமிஷம் உத்துப் பார்த்தாங்க. அவ்வளவுதான், கை ஓட ஆரம்பிச்சுடுச்சு. பஸ்ல முன்னாடி நிக்கறவங்க முதுகைப் பார்த்தே டிசைன் எடுக்கற ஆளு அவங்க. மத்தவங்க மூணாவது வரிசையில திணறிட்டு இருக்கறப்போ இவங்க ஒரு சாண் பின்னிட்டாங்க. டீச்சர் பொண்ணு தாளைக் கீழே வெச்சுட்டு தீதி பக்கத்துல வந்து தரையில உக்காந்துட்டா. "ஆன்ட்டி, இந்த முறுக்குல ஓட்டை விழாம எப்படி இழுக்கறீங்க?"ன்னு கேட்டா. அஞ்சு நிமிஷத்துல பத்து பேர் சுத்தி. தீதி முகத்தைப் பார்க்கணுமே! 1,200 ரூபாய் அங்கேயே வசூல்.

அதோட வீட்டுக்குக் கிளம்பியிருந்தா இந்தப் பதிவே இருந்திருக்காது.

வாசல் பக்கம் ஒரு ஸ்டால். பேர் வேண்டாம். ரெடிமேடா பின்னின துணிங்க. ஒரு க்ரீம் கலர் லேடீஸ் கார்டிகன் ஹாங்கர்ல தொங்குது. தீதி நின்னுட்டாங்க. மெதுவா அதோட இடது கையைத் திருப்பி, மணிக்கட்டு பார்டரை என்கிட்ட காட்டினாங்க.

ஏக் சீதா, ஏக் உல்டான்னு ஒழுங்கா வர்ற பார்டர்ல ஒரே ஒரு கண்ணி மாறி இருந்துச்சு. எனக்குப் பார்த்ததும் தெரிஞ்சுடுச்சு. தீதி எதைப் பின்னினாலும் இடது கை பார்டர்ல வேணும்னே ஒரு கண்ணியைத் தப்பாப் போடுவாங்க. கண் படக்கூடாதுன்னு. நாம குழந்தை கன்னத்துல வைக்கற திருஷ்டிப் பொட்டு மாதிரி. என் பையனோட மஞ்சள் ஸ்வெட்டர்லயும் அது இருக்கு.

விலைச் சீட்டு 4,800 ரூபாய். 'அன்போடு கையால் பின்னியது'ன்னு இங்கிலீஷ்ல அழகா அச்சடிச்சிருக்காங்க. யார் கைன்னு போடலை.

"உங்களுக்கு எவ்வளவு தீதி கொடுத்தாங்க?"

"ஐநூறு. நூல் அவங்களுது."

அவங்க காசுக்குப் பின்னிக் கொடுக்கறது எனக்குத் தெரியும். தீதியோட வீட்டுக்காரர் தனியார் கம்பெனியில இருந்தவர், பென்ஷன் கிடையாது. மாத்திரைச் செலவுக்கு ஆகும்னு ஒரு அம்மா கொண்டு வந்து கொடுக்கற நூலை எடுத்துப் பின்னிக் கொடுப்பாங்க. எவ்வளவு கூலின்னு நான் கேட்டதே இல்லை. பேங்க்ல ஊர்க் கணக்கெல்லாம் பார்க்கறேன், எதிர் வீட்டுக் கணக்கைக் கேக்கலை.

நான் ஸ்டால்ல நின்ன பொண்ணு பக்கம் திரும்பினேன். தீதி என் கையைப் பிடிச்சு அழுத்தினாங்க. "வேண்டாம். அது சம்பளத்துக்கு நிக்கற பொண்ணு. அதுக்கு என்ன தெரியும்?" அப்புறம் கார்டிகனை ஒரு தடவை நீவி விட்டுட்டு, "நல்லா அயர்ன் பண்ணியிருக்காங்க, இல்லே?"ன்னாங்க.

மெட்ரோவுல உக்கார இடம் கிடைச்சுது. நான் பையிலேர்ந்து பேனாவை எடுத்தேன். பேங்க் புத்தி!

பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி, 30 வரிசைன்னு வெச்சுக்கோங்க. ஒரு பெரிய ஆளு கார்டிகனுக்கு முன்பக்கம், பின்பக்கம் ரெண்டும் சேர்த்து சுமார் 36,000 கண்ணி. ரெண்டு கைக்கும் சுமார் 20,000. மொத்தம் 56,000. தீதி வேகத்துக்கு நிமிஷத்துக்கு 20 கண்ணி. 2,800 நிமிஷம். கிட்டத்தட்ட 47 மணி நேரம். துண்டுகளைச் சேர்த்துத் தைக்கணும், பட்டன் வைக்கணும். 50 மணி நேரம்னு போடுங்க.

50 மணி நேரத்துக்கு 500 ரூபாய். மணிக்குப் பத்து ரூபாய்.

டெல்லி அரசு 2024 அக்டோபர்லேர்ந்து அமலுக்குக் கொண்டு வந்த குறைந்தபட்சக் கூலி, எந்தத் தொழிலும் தெரியாத ஆளுக்கு, மாசம் 18,066 ரூபாய். ஒரு நாளைக்கு 695. எட்டு மணி நேரம்னா மணிக்குக் கிட்டத்தட்ட 87 ரூபாய். அந்தக் கணக்குல தீதிக்கு வர வேண்டியது 4,350 ரூபாய். அதுவும் தொழில் தெரியாதவங்களுக்கான கூலி. 50 வருஷமாப் பின்னற கைக்கு எதைப் போடறது?

இங்கேதான் எனக்கு இன்னொரு உதை விழுந்துச்சு. 4,350 கூலின்னா, 4,800 விலையில மீதி 450 ரூபாய். அதுல நூல், ஸ்டால் வாடகை, அந்தப் பொண்ணு சம்பளம் எதுவும் அடங்காது. அப்போ அந்த அம்மாவை மட்டும் திருடின்னு சொல்லிட்டு நான் தப்பிச்சுக்க முடியாது. 4,800ங்கற விலையைப் பார்த்து "அம்மாடி, இவ்வளவா!"ன்னு வாயைப் பிளந்தவளும் நான்தானே. அது உண்மையில அதோட விலையே இல்லை. தீதியோட 40 சொச்சம் மணி நேரத்தை இனாமா வாங்கிக்கிட்டு போட்ட விலை.

இது தீதி கதை மட்டும் இல்லைங்க. மெஷினால சாதா பின்னல் பின்ன முடியும். இங்கிலாந்துல வில்லியம் லீங்கறவர் 1589-லயே காலுறை பின்னற மெஷின் கண்டுபிடிச்சுட்டார். ஆனா குரோஷா, அதாவது கொக்கி ஊசியால போடற பின்னல், அதைப் பின்னற மெஷின் இன்னிக்கு வரைக்கும் கடைச் சரக்கு பண்ற அளவுக்கு வரலை. அதனால மால்ல 600 ரூபாய்க்கு ஒரு நிஜக் குரோஷா டாப்ஸ் தொங்குதுன்னா, எங்கேயோ ஒருத்தர் கையால அதைப் பின்னியிருக்காங்கன்னு அர்த்தம். அந்த 600-ல கடை, லாரி, நூல், வரி எல்லாம் போக அந்தக் கைக்கு என்ன போயிருக்கும்? நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

ஆந்திராவுல நர்ஸாபூர் பக்கம் பெண்கள் தலைமுறை தலைமுறையா வீட்டுல உக்காந்து குரோஷா லேஸ் பின்னறாங்க. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி. மரியா மீஸ்ங்கற ஆய்வாளர் அவங்களோட பழகி 1982-ல ஒரு புத்தகமே எழுதினாங்க. நாள் பூரா உழைக்கற அந்தப் பெண்களை 'வேலை செய்யறவங்க'ன்னு யாருமே எண்ணலை. வீட்டுல சும்மா இருக்கறவங்க, ஒழிஞ்ச நேரத்துல பின்னறாங்கன்னே வெச்சுட்டாங்க. கூலி அடிமட்டத்துல நிக்கறதுக்கு அந்தப் பேரே காரணம்னு அதுல சொல்லியிருக்காங்க. அந்த லேஸுக்கு 2024-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. ஊருக்குப் பேர் வந்தாச்சு. பின்னறவங்களுக்குக் கூலியும் வரணும்.

சட்டம் இல்லாம இல்லை. 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துலயே உருப்படிக் கணக்குல செய்யற வேலைக்கும் குறைந்தபட்சம் நிர்ணயிக்க வழி இருந்துச்சு. அதுக்குப் பதிலா வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்புலயும் இருக்கு. வீட்டுல இருந்தபடி கூலிக்கு வேலை செய்யறவங்களுக்குன்னு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-ல ஒரு உடன்படிக்கையே போட்டுச்சு. அதுக்காக ரொம்ப நாள் பாடுபட்டது நம்ம நாட்டு அமைப்புதான், எலா பட் அம்மா 1972-ல அகமதாபாத்துல ஆரம்பிச்ச சேவா. ஆனா இந்தியா இன்னும் அதுக்கு ஒப்புதல் கொடுக்கலை.

அப்புறம் நம்ம வீடு. என் வீட்டையே எடுத்துக்கறேன்.

மெட்ரோவுல நான் இந்தக் கணக்கைக் காட்டினதும் தீதி ரொம்ப நேரம் பேசலை. ஆசிரம் ஸ்டேஷன் தாண்டினப்புறம் கேட்டாங்க: "குன்னூர்ல இருக்கற உன் நாத்தனாருக்கு, அவ குழந்தைகளுக்கு எல்லாம் எடுத்துட்டுப் போனியே. அவங்களுக்கு என் பேர் தெரியுமா?"

எனக்கு வாய் வரலை.

ஏன்னா 2006-ல முதல் தடவை குன்னூருக்கு ஸ்வெட்டர் கொண்டு போனப்போ, "அண்ணி, நீங்களா பின்னினீங்க?"ன்னு நாத்தனார் கேட்டா. நான் சிரிச்சேன். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம்னு அவ கேக்கலை, நான் சொல்லவும் இல்லை. அப்புறம் வருஷா வருஷம். அவ குழந்தைங்க, நியூ ஜெர்சி கொழுந்தனார் குழந்தைங்கன்னு ஒரு இருபது உருப்படியாவது இருக்கும். நூல் காசு கொடுத்துடுவேன். பின்னினதுக்கு? ஒரு டப்பா தேங்குழல், தீபாவளிக்கு ஒரு புடவை. 'கையால பின்னியது'ன்னு போட்டு பேரைப் போடாத அந்த ஸ்டாலுக்கும் எனக்கும் என்னங்க வித்தியாசம்?

ரெண்டு நாள் கழிச்சு ஒரு கவர்ல பணம் போட்டு எடுத்துட்டுப் போனேன். தீதிக்கு வந்துச்சு பாருங்க கோபம்! "என் வீட்டுக்காரரோட பேங்க் வேலை பூரா இருபத்தஞ்சு வருஷமா நீதானே பார்க்கறே? நான் உனக்குக் கூலி கொடுத்தேனா? எடுத்துட்டுப் போ." கவரைத் தள்ளி விட்டுட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, டீ போட்டுக்கிட்டே, முகத்தைத் திருப்பாம சொன்னாங்க: "ஆனா பேரைச் சொல்லியிருக்கலாம்."

1947-ல லயால்பூர்லேர்ந்து அகதியா வந்த குடும்பம் அவங்களோடது. கிங்ஸ்வே கேம்ப்ல தங்கி, அவங்க அம்மா ஊரார் ஸ்வெட்டரைப் பின்னிக் கொடுத்துத்தான் குடும்பத்தைக் கரை ஏத்தினாங்களாம். அந்த அம்மா பின்னினதை எல்லாம் யார் போட்டுக்கிட்டாங்களோ, அவங்க யாருக்கும் அந்தப் பேர் தெரிஞ்சிருக்காது.

அன்னைக்கு ராத்திரியே குன்னூருக்கு ஃபோன் போட்டேன். 18 வருஷப் பொய்யை ஒப்புக்கறதுக்குத் தொண்டையைச் செருமிக்கிட்டு ஆரம்பிச்சா, நாத்தனார் சிரிக்கறா. "எனக்கு அப்பவே தெரியும் அண்ணி. உங்களுக்கு பட்டன் தைக்கவே வராதே!" அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, "அவங்க பேர் என்ன?"ன்னு கேட்டா. சொன்னேன்.

இதுல என் கருத்து ரொம்ப சிம்பிள். அன்பா ஒருத்தர் பின்னிக் கொடுத்தா அதுக்கு விலை பேசக் கூடாது, பேரைச் சொல்லணும். விலைக்குப் பின்னிக் கொடுத்தா அதுக்கு அன்புன்னு சீட்டு ஒட்டக் கூடாது, கூலியைக் கொடுக்கணும். நாம ரெண்டையும் நமக்கு வசதியாக் குழப்பிக்கறோம். "வீட்டுல சும்மாதானே இருக்காங்க, பொழுது போகும்"ங்கறோம். "இதே ஸ்வெட்டர் கரோல் பாக்ல 400 ரூபாய்க்குக் கிடைக்குதே"ங்கறோம். கிடைக்கும், அது மெஷின் ஸ்வெட்டர். கடைக்காரர்கிட்ட "பின்னினவங்களுக்கு எவ்வளவு கொடுக்கறீங்க?"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பதில் வராது. பத்து பேர் கேட்டா வரும்.

தீதி என்ன பண்ணினாங்கன்னு சொல்லாம முடிச்சா நல்லா இருக்காது. 2025 ஜனவரியில அந்த அம்மா அடுத்த லாட் நூலோட வந்தாங்க, ஆறு கார்டிகனுக்கு. நான் எழுதிக் கொடுத்த கணக்குச் சீட்டைத் தீதி எடுத்து நீட்டி, ஆயிரம் கேட்டாங்க. "400-க்குப் பின்ன ஆள் இருக்கு"ன்னாங்க அந்த அம்மா. எங்க பிளாக்ல இன்னும் மூணு பேர் அவங்களுக்குப் பின்னறாங்க. தீதி முன்னாடியே முட்டி வலியோட மூணு மாடி ஏறி இறங்கி, 800-க்குக் குறைஞ்சு எடுக்கறதில்லைன்னு பேசி வெச்சிருந்தாங்க. ஒருத்தர் மட்டும் பழைய 500-க்கே எடுத்துட்டாங்க. ரெண்டு பொண்ணுங்க ஃபீஸ் கட்டணும், அவங்களைக் குறை சொல்ல முடியாது.

கடைசியில தீதிக்கு 800. ஆனா ஆறு இல்லை, நாலு கார்டிகன்தான். முன்னாடி ஆறுக்கு 3,000 ரூபாய், இப்போ நாலுக்கு 3,200. நூறு மணி நேரம் மிச்சம். இன்னும் மணிக்குப் பதினாறு ரூபாய்தான், 87 எங்கேயோ இருக்கு. ஆனா 26 வருஷமா இந்த எதிர் வீட்டுல இருக்கேன், ஜனவரி மாசத்துல தீதி கையில ஊசி இல்லாம வெயில்ல படுத்து நான் பார்த்ததே இல்லை. இப்போ பார்க்கறேன்.

உங்க வீட்டுப் பெட்டியிலயும் ஊர்லேர்ந்து வந்த புதுசுல யாரோ கொடுத்த ஸ்வெட்டர் ஒண்ணு கட்டாயம் இருக்கும். எடுத்து வெயில்ல போடறப்போ குழந்தைங்ககிட்ட அது யார் பின்னினதுன்னு சொல்லுங்க. பேர் மறந்து போயிருந்தா, அவங்க இருக்கறப்பவே போய்க் கேட்டுட்டு வந்துடுங்க.

சரி, குக்கர் மூணு விசில் அடிச்சாச்சு. ரங்கமணி பார்க்கற பார்வை சரியில்லை. வர்ட்டா?